எட்டாவது தாள்

பிச்சாண்டி மடத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மாசிலாமணி அம்மாவுக்கு நாற்பத்தொன்று.

அதற்கு முன் முப்பத்து நாலு வருடம் போளூர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். மனைவி இறந்ததும் கடையை மூடினார். மனைவிக்கு வந்தது பிழைக்கிற நோய் இல்லை என்று டாக்டருக்குத் தெரியும். மைத்துனருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியும். பிச்சாண்டிக்கு மட்டும் கடைசி வாரத்தில்தான் சொன்னார்கள். அவர் மனம் உடைந்துவிடக் கூடாது என்று மறைத்தார்களாம். அந்த நல்லெண்ணத்துக்காக அவர்களில் ஒருவரையும் அவர் மன்னிக்கவில்லை.

மடம் மலையடியில் இருந்தது. அந்த வருடம் வைகாசிப் பௌர்ணமியன்று அம்மா ஆறு பேரைக் கூடத்தில் உட்கார வைத்தார். நடுவில் ஒரு பழந்துணி மூட்டை. பக்கத்தில் பூட்டில்லாத ஒரு தகரப் பெட்டி.

"ஒரு ஒட்டுப்போர்வை தைக்கப் போறோம்" என்றார். "எட்டு மாசம். பெட்டியில எட்டுத் தாள் எழுதி வெச்சிருக்கேன். மாசத்துக்கு ஒண்ணு பிரிச்சுப் படிப்பேன். அதுல உள்ளதை மட்டும் செஞ்சா போதும்."

"என்ன மாதிரி போர்வைம்மா?" என்று கேட்டார் பிச்சாண்டி.

"தைச்சு முடிச்சா தெரியும்."

"மொத்த அளவாவது சொல்லுங்க."

"இந்த மாசத்துக்கு உள்ள அளவு இந்தத் தாள்ல இருக்கு."

முதல் தாளில் இருந்தது இவ்வளவுதான்: இருண்ட நிறத் துணியில் நாலு அங்குலச் சதுரம், நூற்று நாற்பது.

மற்றவர்கள் வெட்ட ஆரம்பித்தார்கள். பிச்சாண்டிக்குக் கை ஓடவில்லை. கடையில் ஆளை நிறுத்தி அளவெடுக்கும்போதே சட்டை அவர் கண்ணுக்குள் முடிந்துவிடும். காலரும் கையும் தெரியாமல் கத்தரியை எடுத்ததே இல்லை.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் தனபாக்கியம். நாற்பத்தைந்து வயது. ஒரே மகள் தேவகி பதினோரு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் வீட்டில் இருந்தாள். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள், பேசுவதில்லை, புத்தி சரியில்லை என்று அண்ணிதான் மடத்தில் கொண்டுவந்து விட்டாள். மடத்திலும் அவள் பேசவில்லை. கூடத்தைப் பெருக்குவாள். கொடுத்ததைத் தைப்பாள். தையல் கோணல்மாணலாகப் போகும். பிச்சாண்டி அதைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுப்பார்.

மூன்றாவது தாளில் அளவு எதுவும் இல்லை. 'ஒவ்வொருவரும் தன் துணி ஒன்று கொண்டு வரவும்' என்று மட்டும் இருந்தது.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் காக்கிச் சட்டையைக் கொண்டுவந்தார். பிச்சாண்டி மனைவியின் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தார். தனபாக்கியம் ஒன்பது நாள் எதுவும் கொண்டுவரவில்லை. பத்தாம் நாள் ஒரு பச்சைப் பாவாடையோடு வந்தாள். அது தேவகியுடையது. அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

அம்மா அதை வாங்கவில்லை. "நல்லா யோசிச்சியா?" என்றார்.

தனபாக்கியம் தலையாட்டினாள். கத்தரியைக் கையில் எடுத்தாள். முடியவில்லை. பிச்சாண்டியிடம் நீட்டினாள்.

"நீங்க வெட்டுங்க அண்ணா."

அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிச்சாண்டி பாவாடையைத் தரையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, இடுப்புப் பட்டியை மட்டும் ஒதுக்கிவிட்டு, துணியில் ஒரு விரல் அகலம்கூட வீணாகாமல் வெட்டினார். இருபத்தாறு முக்கோணங்கள் வந்தன. வெளிர்நிறத் துண்டுகளுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாக அவற்றைத் தைத்தார்கள்.

அதற்குப் பிறகு தனபாக்கியம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். ராத்திரி தூங்கினாள். ஒருநாள் நூல் கோர்த்துக்கொண்டே, தேவகி புளியங்காய் தின்று பல் கூசி அழுத கதையைச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். கண்டக்டர், "புளியங்காய்க்கு டிக்கெட் கிடையாது, இறங்கும்மா" என்றார். அதற்கும் சிரித்தாள். அம்மா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பிச்சாண்டி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். வெட்டி விழுந்த துண்டுகளைத் தன் அறையில் பரப்பி விதவிதமாகச் சேர்த்துப் பார்த்தார். கோலமா, தேரா, நட்சத்திரமா என்று புரியவில்லை.

"எதுக்கும்மா மறைக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். "தெரிஞ்சு தைச்சா இன்னும் நல்லாத்தானே தைப்போம்?"

"இப்ப எப்படி இருக்கு தையல்?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப தைங்க" என்றார் அம்மா.

புரட்டாசியில் ஐந்தாவது தாள் முடிந்தது. ஒரு மத்தியானம் பக்கத்து ஊரில் ஒரு சாவுக்காக அம்மா போயிருந்தார். மற்றவர்கள் கிணற்றடியில் இருந்தார்கள். பிச்சாண்டி கூடத்துக்குள் போனார். பெட்டியைத் திறந்தார். மிச்சமிருந்த மூன்று தாள்களையும் பிரித்தார்.

ஆறும் ஏழும் படித்ததும் வடிவம் விளங்கிவிட்டது. அது ஒரு குளம். நாலு பக்கமும் இருண்ட படிகள் இறங்கும். நடுவில் வெளிர்நிறத் தண்ணீர். அவ்வளவுதான். இதற்கா இத்தனை என்று தோன்றியது.

எட்டாவது தாளில் இப்படி இருந்தது: 'போர்வை முடிந்த மறுநாள் காலை, வாசலுக்கு முதலில் வருபவரிடம் கொடுத்துவிடவும். யார், எந்த ஊர் என்று கேட்க வேண்டாம்.'

தாள்களை மடித்து இருந்தபடியே வைத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் தைக்க உட்கார்ந்தார்கள். தனபாக்கியம் தன் பக்கத்து மூலையைத் தடவிக்கொண்டே, "அண்ணா, இது முடிஞ்சதும் இந்தச் சுவத்துல மாட்டச் சொல்லலாமா? பெருக்கும்போது தினம் பாத்துக்கலாம்" என்றாள்.

பிச்சாண்டி துணிக்குமேல் குனிந்துகொண்டார். கையில் இருந்த தையல் ஓடவில்லை. டாக்டர் முகமும் மைத்துனர் முகமும் நினைவுக்கு வந்தன. எல்லாம் தெரிந்துகொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்துப் பேசிய முகங்கள். இப்போது தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்.

மறுநாள் காலை கிணற்றடியில் அவளைத் தனியாகப் பார்த்துச் சொன்னார்.

"தனபாக்கியம், அந்தப் போர்வை இங்க இருக்காது."

"எங்க போகுது?"

"முடிஞ்ச மறுநாள், வாசல்ல முதல்ல வர்ற யாருக்கோ குடுத்துடுவாங்க. பேரு ஊருகூடக் கேக்க மாட்டாங்க."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எழுதினதே அவங்கதான். ஒனக்கு முன்கூட்டியே தெரியணும்னுதான் சொல்றேன். எனக்கு நடந்தது ஒனக்கு நடக்கக் கூடாது."

தனபாக்கியம் கூடத்துக்குப் போனாள். போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசிமுனையால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிச்சாண்டி அதைத் தன் கையால் நெருக்கமாகத் தைத்திருந்தார். சீக்கிரம் பிரியவில்லை. சில இடங்களில் அவள் கிழித்தாள்.

அம்மா வந்து பார்த்தார். தடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்தார்.

"குடுத்துடுவீங்களாமே, உண்மையா?" என்றாள் தனபாக்கியம்.

"உண்மை."

"எம் பொண்ணோடது இதுல இருக்குன்னு தெரியும் இல்ல?"

"தெரியும்."

தனபாக்கியம் மறுபடி ஊசியை எடுத்தாள். இருபத்தாறு துண்டையும் எடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. முந்தானையில் முடிந்துகொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிச்சாண்டி அம்மாவின் முன் போய் நின்றார்.

"நான்தான் தாளைப் படிச்சேன்."

"தெரியும். மடிப்பு மாறியிருந்தது."

"கேக்காம பெட்டியைத் திறந்தது தப்பு. சொன்னது தப்பில்ல. ஒரு தாய்கிட்ட மறைக்கக் கூடாது."

"மறைச்சவ நான்தான்" என்றார் அம்மா. "அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க தைங்க."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"ஐப்பசி பொறந்துடுச்சு. ஆறாவது தாளை நீங்களே படிங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

அந்த மாதம் முழுவதும் அவர் தைத்தார். பார்க்கிற இடமெல்லாம் முக்கோண ஓட்டைகள். கண்டக்டர் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். மாதக் கடைசியில் பிச்சாண்டி அம்மாவிடம் சொல்லிக்கொண்டு தனபாக்கியத்தைப் பார்க்கப் போனார்.

அண்ணி வாசலிலேயே, "முன்னைக்கு இப்ப மோசம்" என்றாள். பின்பக்கம் கையைக் காட்டினாள்.

தனபாக்கியம் கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பச்சைத் துண்டுகள். ஒன்றோடொன்று சேர்த்து நூல் ஓட்டிக்கொண்டிருந்தாள். சேர்த்தது எந்த வடிவத்திலும் இல்லை. அவரைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது.

"வாங்க அண்ணா. நீங்களே வந்துட்டீங்க. இதைப் பழையபடி பாவாடையா ஆக்கிக் குடுங்க."

பிச்சாண்டி துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஓரங்கள் பிசிறியிருந்தன. ஏழெட்டு நடுவில் கிழிந்திருந்தன. இடுப்புப் பட்டி இல்லை. அதை வெட்டியபோது வேண்டாம் என்று தூக்கிப் போட்டவர் அவர்தான்.

"நீங்க தையக்காரர்தானே?"

"ஆமாம்மா."

"நீங்கதானே வெட்டினீங்க? எங்கெங்க வெட்டினீங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா ஆகாதும்மா. பாவாடையா ஆகாது."

அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி எண்ணி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தைக்கத்தானே குடுத்தேன்" என்றாள். "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னீங்க. போயிட்டு வாங்க."

மடத்துக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் அவரே தனபாக்கியத்தைப் பார்க்கப் போனார். அவள் கதவைத் திறக்கவில்லை. வெயில் இறங்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். கார்த்திகையில் இரண்டு முறை போனார். இரண்டு முறையும் அப்படித்தான்.

ஏழாவது தாள் முடிந்தபோது பிச்சாண்டி கேட்டார்.

"ஓட்டைகளை என்னம்மா பண்றது? அப்படியே விட்டுடலாமா?"

"போத்திக்கறவங்களுக்குக் குளிரும்."

பிச்சாண்டி தன் வேட்டி ஒன்றை வெட்டி இருபத்தாறையும் அடைத்தார். தைத்தது கண்ணுக்கே தெரியாத தையல். வேறு யாரையும் அதைத் தொட விடவில்லை.

மார்கழியில் போர்வை முடிந்தது. கூடத்தில் விரித்தார்கள். குளம் நன்றாக வந்திருந்தது. நாலு பக்கமும் படிகள் இறங்கின. தண்ணீருக்குள் வேட்டித் துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. ஐந்து பேரும் நின்று பார்த்தார்கள். அழகாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா போர்வையைப் பிச்சாண்டியின் கையில் கொடுத்தார். அவர் வாசலில் போய் நின்றார். பஸ் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. நின்றது. யாரும் இறங்காமல் போயிற்று.

பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். தலையில் துண்டு, கையில் அறுந்த கயிறு.

"ஒரு செவலை மாடு இந்தப் பக்கம் வந்துச்சா சாமி?"

"வரலையே" என்றார் பிச்சாண்டி. போர்வையை நீட்டினார். "இந்தாங்க."

"எனக்கு எதுக்கு? நான் மாடு தேடி வந்தவன்."

"பரவால்ல, வெச்சுக்குங்க."

அவன் புரியாமல் வாங்கினான். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று பார்க்கவில்லை. தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, மாட்டைக் கூப்பிட்டபடியே மலைப்பக்கம் நடந்தான். சீக்கிரத்திலேயே பனி மூடிவிட்டது.

பிச்சாண்டி திரும்பினார். அம்மா கூடத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த நூலைக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். பிச்சாண்டி எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்மா."

"கேளுங்க."

"தனபாக்கியம் இங்கயே இருந்திருந்தா, இன்னைக்கு அதைத் தன் கையால குடுத்திருப்பாளா?"

"தெரியலை."

"உங்களுக்குமா தெரியலை?"

"அவளுக்கே தெரியாது" என்றார் அம்மா. "தெரிஞ்சுக்கத்தான் அவளுக்கு எட்டு மாசம் வெச்சிருந்தேன். நீங்க அஞ்சுதான் குடுத்தீங்க."