நீலத் தண்ணீர்க் காவல்

ஒரு ஊரில், பஸ் ஸ்டாப்புக்கு வெகு தூரத்தில் ஒரு புதுத் தெரு இருந்தது. அங்கே கோதைநாயகி வீட்டு கேட்டோரம் ஒரு பாட்டில் நின்றது. உள்ளே சொட்டு நீலம் கலந்த தண்ணீர். நீலத்தைக் கண்டால் நாய் கிட்டே வராது என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, நம் ஜனங்கள் வாசலுக்கு வாசல் வைத்துவிட்டார்கள். பாட்டிலுக்கோ தலைகால் புரியவில்லை.

அந்தத் தெருவில் சொக்கி என்றொரு நாய். யாருடையதும் இல்லை, எல்லோரும் சோறு போட்டார்கள். விடியலில் வேலைக்குப் போகிறவர்கள் பின்னாலேயே நடந்து, பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்பும். புதிதாகக் குடிவந்த கோதைநாயகிக்கு இதை யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் நாயிடம் கடிபட்டவள். பின்னால் வந்தால் துரத்துகிறது என்றுதானே நினைப்பாள், பாவம்! பாட்டில் வைத்தும் மனசு ஆறாமல், குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொல்லி நாய் பிடிக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

வண்டி வரவேண்டிய நாள் விடிந்தபோது தெருவெல்லாம் பனி. வீடுகள் மிதப்பதுபோல் இருந்தன. கேட்டுக்கு வெளியே படுத்திருந்த சொக்கியைப் பாட்டில் சீண்டியது. நான் இருக்கும்வரை நீ இந்த கேட்டைத் தாண்ட முடியுமா என்றது. நீ பின்னால் வருவதில் அவள் உயிரே போகிறது, சாயங்காலம் உன்னைப் பிடித்துப் போகப் போகிறார்கள் என்றும் குஷியாகச் சொன்னது.

அந்நேரம் பார்த்துப் பால்காரரின் சைக்கிள் இடித்தது. பாட்டில் உருண்டு, மூடி கழன்று, நீலமெல்லாம் மண்ணோடு போயிற்று.

கோதைநாயகி கேட்டைத் திறந்தாள். நாயைக் கண்டு விறைத்து நின்றாள். சொக்கி எழுந்து எதிர்ச்சுவரோரம் போய், முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டது. அவள் விடுவிடுவென்று நடந்து பனிக்குள் மறைந்தாள்.

"இப்பதான் நான் கவிழ்ந்து கெடக்கேனே, ஏன் உள்ள போகல?" என்றது பாட்டில்.

"உனக்காக நான் எப்ப நின்னேன்? அந்தப் பொண்ணு பயப்படுதேன்னு நின்னேன். பின்னால போனா தைரியமா இருக்கும்னு நெனச்சேன். அதுவும் பயம்னு இன்னிக்கு நீ சொல்லித்தான் தெரியுது."

பாட்டிலுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்காவது ஓடிப்போய்விடு என்று கெஞ்சியது. நாளைக்கு இந்தத் தெருக்காரர்களை யார் பஸ் ஏற்றிவிடுவது என்று கேட்டுவிட்டு, சொக்கி கண்ணை மூடிக்கொண்டது.

பாதி வழியில் கோதைநாயகியின் நடை தளர்ந்தது. பின்னால் அந்தக் காலடிச் சத்தம் இல்லை. முன்னால் வெறும் வெள்ளை, ஆளரவமே கிடையாது. நாய்க்குப் பயந்த பயத்தில், இத்தனை நாளும் இந்த ரோட்டுக்குப் பயப்பட மறந்தே போயிருந்தாள். இப்போது அந்தப் பயம் வந்தது. நின்று போனை எடுத்தாள்.

செயலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, வண்டி வேண்டாம் என்று சொன்னாள். பிறகு திரும்பி, பனியைப் பார்த்து, தெருவில் எல்லோரும் கூப்பிடும் பெயரை முதல் தடவையாகச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சொக்கி, சீக்கிரம் வா. பஸ் போயிடும்."