மூன்றாம் துண்டும் நான்காம் துண்டும்

இன்னாசி பல வருஷம் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தவர். நாற்பத்தைந்து வயதில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் படிக்க வந்தார். அவருடைய பேராசிரியை தாட்சாயிணிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. நான் அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

நெஞ்சில் மாட்டிய கருவி ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்த துடிப்பை அலச கம்ப்யூட்டருக்கு அரைமணி நேரம் ஆகும். இன்னாசி அதைப் பத்துப் பத்து நொடித் துண்டுகளாக வெட்டி, பல கணக்குகளைச் சேர்ந்தாற்போல் போடும் கிராஃபிக்ஸ் கார்டில் எல்லாத் துண்டுகளையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டார். மூன்று நொடியில் முடிந்தது. கேக் வாங்கிக் கொண்டாடினோம்.

பிறகு பொன்னுத்தாய் என்பவர் இறந்துபோனார். சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவர். இரண்டு முறை மயங்கி விழுந்ததால் அந்தக் கருவியை மாட்டிவிட்டிருந்தார்கள். இன்னாசியின் ப்ரோகிராம் ‘நார்மல்’ என்றது. டாக்டரும் நம்பி வீட்டுக்கு அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் அந்த அம்மா அடுப்படியிலேயே விழுந்துவிட்டார்.

இன்னாசி சரியாகச் சாப்பிடாமல் ஒரு வாரம் அந்தப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், எட்டாயிரத்துச் சொச்சம் துண்டையும் ஒண்ணுவிடாம சோதிச்சிட்டேன். எதுலயும் தப்பு இல்ல. அப்ப நான் எங்க தப்பு பண்ணேன்?”

தாட்சாயிணி பொன்னுத்தாயின் பதிவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்து, அதில் ஒரு நிமிடத்தை மட்டும் பேப்பரில் அச்செடுத்தார். ப்ரோகிராம் வெட்டிய அதே இடங்களில் கத்தரிக்கோலால் வெட்டி, கூடத்தில் இருந்த ஆறு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மூன்றாவது எனக்கு வந்தது.

“துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தியா இருக்கான்னு பாருங்க.”

ஸ்கேல் வைத்து அளந்தோம். இல்லை என்றோம்.

“உங்களோடது எப்படி முடியுது?” என்று என்னைக் கேட்டார்.

“கடைசில கொஞ்சம் வெறும் கோடு மேடம். அடுத்த துடிப்பு அடுத்த துண்டுல இருக்கும்னு விட்டுட்டேன்.”

நான்காம் துண்டு எங்கள் கூடத்து ரெஜினாவிடம் இருந்தது.

“எனக்கு ஆரம்பத்துல வெறும் கோடு. முந்தின துடிப்பு அவர்கிட்ட இருக்கும்ல?”

தாட்சாயிணி இரண்டையும் வாங்கி மேஜைமேல் சேர்த்து ஒட்டினார். நான்கு நொடி அந்த அம்மாவின் இதயம் நின்றிருந்தது. அதில் பாதி என் கையில்தான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னாசி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“இத யாரு மேடம் பாத்திருக்கணும்?”

“அவங்கவங்க கைக்கு வந்தத அவங்கவங்க ஒழுங்கா பாத்தாங்க, இன்னாசி. எங்க வெட்டுனோம்னு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்.”