சூப் கொண்டுவரும் வேடம்

"நான் மேடையில் கால் வைத்தால் நாடகம் படுத்துவிடுகிறது," என்றார் திவதார்.

கிசெல்லா கால் ஆடிய நாற்காலி ஒன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

திவதாருக்கு அறுபது வயது. ஹங்கேரியில் அவர் முகம் தெரியாதவர்கள் கிடையாது. மிஷ்கோல்ட்ஸ் ரயில் நிலையத்தில் முடிவெட்டியவரின் மகன். அப்பாவின் கடையில் காத்திருந்தவர்களுக்கு முன்னால், சற்றுமுன் எழுந்து போன ஆளைப் போல நடந்து காட்டித்தான் நடிப்புப் பழகினார். இருபது வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கிருந்து சினிமா அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

குதிரைப்படை வீரன். அரசன். ஏமாந்த கணவன். மறுபடியும் குதிரைப்படை வீரன்.

முதுகுவலி வந்து, குதிரை ஏற முடியாமல் போனதும் மேடைக்குத் திரும்பினார். புடாபெஸ்டில் இரண்டு நாடகங்கள். இரண்டும் ஊற்றிக்கொண்டன.

கிசெல்லா அவரைவிட மிகவும் இளையவர். செகெட் நகரில், திஸா ஆற்றங்கரையில் சின்ன நாடக அரங்கு ஒன்றை நடத்திவந்தார். மரக்கட்டையைக்கூட நடிக்க வைத்துவிடுவார் என்று பேர். அதைக் கேள்விப்பட்டுத்தான் திவதார் ரயில் ஏறி வந்திருந்தார்.

"எனக்கு நடிக்கச் சொல்லிக்கொடுங்கள். இங்கேயும் சரிப்படவில்லை என்றால் நடிப்பையே விட்டுவிடுகிறேன்."

"விட்டுவிட்டு?"

"அதுதான் தெரியவில்லை. வேறு எந்த வேலையும் எனக்கு வராது."

கிசெல்லா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இப்போது நடக்கும் நாடகத்தில் ஒரு வேடம் காலியாக இருக்கிறது."

"அரசனா?"

"வேலைக்காரன். விருந்து மேசைக்குச் சூப் கொண்டுவர வேண்டும்."

"வசனம்?"

"'சூப் தயார், சீமாட்டி.'"

திவதார் சிரித்தார். கிசெல்லா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கிண்ணத்தோடு மேடைக்கு வந்தார் திவதார். அரங்கமே எழுந்து கைதட்டியது. பழக்கதோஷத்தில் லேசாகத் தலையசைத்தார். கைதட்டல் இரண்டு மடங்கானது. சீமாட்டியாக நடித்த எமேஷே, பாதி வசனத்தில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். சத்தம் ஓய்ந்தபோது எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு நாடகம் எழுந்திருக்கவே இல்லை.

"பார்த்தீர்களா?" என்றார் திவதார்.

"பார்த்தேன். நல்ல கைதட்டல்."

"அதுதான் என் நோய்!"

மறுநாள் தாடி ஒட்டிக்கொண்டு, கூன் போட்டு வந்தார்.

"டேய், திவதார்டா! தாடி வைத்திருக்கிறார்!" என்று மாடத்திலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் அரங்குக்கு வந்தார் திவதார்.

மேடைக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மிளகாய்த்தூள் போட்ட மீன் சூப், செக்கச்செவேல் என்று கொதித்தது. கிசெல்லா அதை ஒரு அகலமான கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றினார். இன்னும் ஒரு கரண்டி விட்டார்.

"இன்றைக்கு இது," என்றார்.

"ஐயோ, சுடுகிறதே! துணி இல்லையா?"

"பணக்கார வீடு. அங்கே கைத்துணியோடு பரிமாற மாட்டார்கள்."

"சிந்தினால்?"

"எமேஷேயின் கவுன் வெள்ளை."

சொல்லிக்கொண்டே அவரை மேடைக்குள் தள்ளிவிட்டார்.

ஓரத்தில் ஒருவர் கைதட்டப் போனார். கைகள் பாதியிலேயே நின்றன.

சூப் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. எல்லார் கண்ணும் கிண்ணத்தின்மேல்தான்; தூக்கி வந்தவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

திவதார் அரங்கைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்க்கவில்லை. ஓர் அடி வைத்தார். நின்றார். இன்னோர் அடி வைத்தார். எமேஷே நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள்.

"மெதுவா, மெதுவா, கண்ணு," என்றார் முதல் வரிசையில் ஒரு அம்மாள், தன்னை மறந்து.

யாரும் சிரிக்கவில்லை. மாடத்தில்கூடச் சத்தமில்லை.

கிண்ணம் மேசையைத் தொட்டது.

"சூப் தயார், சீமாட்டி," என்று மூச்சுவிட்டார் திவதார்.

அரங்கமும் மூச்சுவிட்டது. பிறகு குபீரென்று சிரித்தது. எமேஷேயும் சிரித்துவிட்டாள், அடுத்த வசனம் அந்தச் சிரிப்போடு தானாக வந்தது. அன்று நாடகம் கடைசிவரை ஆறு மாதிரி ஓடியது.

நாடகம் முடிந்து திவதார் வாசலுக்கு வந்தார். முதல் வரிசை அம்மாள் கணவரோடு நின்றுகொண்டிருந்தார்.

"திவதார் சார்! உங்களைப் பார்க்கத்தான் மாகோவிலிருந்து வந்தோம். இன்றைக்கு நீங்கள் ஏன் நடிக்கவில்லை?"

திவதார் வெந்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"உடம்பு சரியில்லை," என்றார்.

"போகட்டும், உடம்பைப் பாருங்கள். அந்தச் சூப் கொண்டுவந்த ஆள் நன்றாகச் செய்தார். பாவம், கை வெந்திருக்கும்."

திவதார் திரும்பி உள்ளே ஓடினார். முதுகுவலி நினைவுக்கே வரவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது.

"கிசெல்லா! கிடைத்துவிட்டது! நாளைக்கும் இதே மாதிரி கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள்!"

கிசெல்லா மிச்சச் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலிக் கிண்ணம்," என்றார்.

திவதாரின் சிரிப்பு நின்றது.

மறுநாள் மாலை, காலிக் கிண்ணத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு திவதார் மேடைக்கு வந்தார்.

முதல் வரிசையில் ஒருவர் சட்டென்று கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.