கழுவிய தொழுவம்

அன்று தொழுவத்தில் இருந்தவர்கள் நால்வர். மடத்தின் தலைவர் ஈசான அடிகள். பதினெட்டு ஆண்டுகளாக அவருக்குச் சீடராயிருந்து மாடுகளைக் கவனித்துவந்த செம்மலை. கால்நடை மருத்துவர் நிறைமதி. கையில் கயிற்றோடு வாசலில் நின்ற மாட்டுத் தரகர் பொன்னுரங்கம். ஐந்தாவதாக, மங்கை என்னும் பசு.

மங்கை கன்று ஈன்று ஒன்பது மாதம். அதன்பின் ஒரு முறைகூடக் காளையைத் தேடும் பருவத்துக்கு வரவில்லை என்பது செம்மலையின் முடிவு. பசுவை ஏற்றிப்போக வண்டி வெளியே நின்றது.

“மலட்டை வைத்துக்கொண்டு மடம் என்ன செய்யும், சுவாமி?” என்றார் செம்மலை.

அடிகள் மருத்துவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

நிறைமதி நீண்ட கையுறை அணிந்து, பசுவின் பின்புறத்தில் தோள்வரை கையை விட்டுத் துழாவினார்.

“கருப்பை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. சினைப்பையில் முட்டை வெளிவந்த அடையாளம் இருக்கிறது. பத்து நாளுக்கு முன் பருவத்துக்கு வந்திருக்கிறது.”

“வரவில்லை அம்மா. ஒரு நாளும் கத்தவில்லை” என்றார் செம்மலை.

“இது ஊமைப் பருவம் ஐயா. கத்தாது; வேறு மாட்டின்மேல் தாவாது. நிறையக் கறக்கிற மாடு ஈன்றபின் இப்படி ஆவதுண்டு.”

“மடத்து மாடில்ல? மௌன விரதம் இருக்குது” என்றார் பொன்னுரங்கம்.

செம்மலை மருத்துவர் பக்கம் திரும்பினார். “இருமுறை ஹார்மோன் ஊசி போட்டீர்களே. அப்போதும் ஒன்றும் காணோமே?”

“மூன்றாம் நாள் விடியலில் பாருங்கள் என்றேன். மாடு படுத்தெழுந்த இடத்தில், கருவழியிலிருந்து ஒழுகிய வழும்பு கண்ணாடிபோல் கிடக்கும். ஊமைப் பருவத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி.”

“பார்த்தேன். தரையில் எதுவும் இல்லை.”

“எப்போது பார்த்தாய்?” என்று கேட்டார் அடிகள்.

“வழிபாடு முடிந்து வந்ததும்.”

“அதற்கு முன்?”

“அதற்கு முன், இருட்டிலேயே தொழுவம் கழுவி முடிந்திருக்கும். பதினெட்டு ஆண்டில் ஒரு நாளாவது நான் கழுவாமல்…”

செம்மலை நிறுத்திக்கொண்டார். கல்தளம் ஈரத்தில் பளபளத்தது. வருகிறவர்களிடம் அடிகள் இந்தத் தளத்தைக் காட்டித்தான் அவரைப் புகழ்வார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பசு சொன்னதை, அவரே குழாய் நீரால் சாக்கடைக்குத் தள்ளியிருந்தார்.

அடிகள் தரகரிடம், “கயிற்றைச் சுருட்டிக்கொள்” என்றார்.

பொன்னுரங்கம் சுருட்டினார். “போன வருசம் ஏத்திவிட்டீங்களே, ரெண்டு மாடு. அறுத்த எடத்துல கேட்டாங்க சாமி, கர்ப்பப்பை நல்லாத்தானே இருக்குது, ஏன் தள்ளிவிட்டாங்கன்னு. நான் என்னத்தக் கண்டேன்?”

செம்மலை தம் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார்.

“தொழுவம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று தாங்கள்தானே…” என்றார் செம்மலை.

“சொன்னேன். நானும் ஒரு விடியலில் வந்து குனிந்து பார்க்கவில்லை.”

“அப்படியானால் அந்த இரண்டும்?”

அடிகள் ஈரத்தளத்தைப் பார்த்தார்.

“அவற்றையும் கழுவிவிட்டோம்.”

செம்மலை விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். எவரையும் பாராமல் வெளியேறினார்.