குளத்துக் கிருமிங்க ரொம்ப ஒழுக்கம்

குளத்துப் பக்கத்துல ஒரு ஆராய்ச்சிக்கூடம். அங்க நஸ்ரின்னு ஒரு குரு, வயசு இருபத்தொம்பது. அவங்ககிட்ட எபனேசர்னு ஒரு சீடர், வயசு அம்பத்துமூணு! இருபத்தஞ்சு வருஷம் மைக்ராஸ்கோப்புல கிருமியப் பாத்துட்டு, இப்ப கம்ப்யூட்டர்ல பாக்கப் படிக்க வந்தவரு.

மனுஷனுக்கு ஜீன் அப்பா அம்மாகிட்ட இருந்துதான் வரும். கிருமிக்கு அப்படி இல்ல. பக்கத்துல மிதக்குற வேற இனத்துக் கிருமிகிட்ட இருந்தும் வாங்கிக்கும். மருந்துக்குச் சாகாம தப்பிக்கிற வித்தையக்கூட!

இந்தக் குளத்துல அப்படி நடக்குதான்னு எபனேசர் அஞ்சு மணிக்குள்ள கமிட்டிக்கு எழுதியாகணும். இல்லைன்னு எழுதினா, மருந்துக்குச் சாகாத கிருமிங்க நெறைஞ்ச ஆஸ்பத்திரிக் கழிவுத் தண்ணிய இங்க விட அனுமதி குடுத்துருவாங்க. அவர் தெருப் பிள்ளைங்க நீச்சலடிக்கிற குளம் அது.

மத்தியானம். வெளிய தூறல். குளமும் வானமும் ஒரே சாம்பல் நிறம், எது எங்க முடியுதுன்னே தெரியல. ஸ்கிரீன்ல ஜீன் எழுத்துங்க மழை மாதிரியே இறங்கிட்டு இருந்துச்சு. எபனேசருக்குக் கண்ணு சொக்குச்சு. தானே ஒரு கிருமியா மிதக்குற மாதிரி, சுத்திலும் கோடி கோடியா பச்சை வெளிச்சம் என்னமோ முணுமுணுக்குற மாதிரி...

"சார், தூக்கமா?"

திடுக்குனு நிமிந்தாரு. நஸ்ரின், டீயோட.

"இல்ல மேடம். முடிஞ்சிருச்சு. ஆறு மாசம் தேடியாச்சு. சைபர்."

"சைபரா?"

"ஒரு ஜீன்கூட இடம் மாறல. நம்ம குளத்துக் கிருமிங்க ரொம்ப ஒழுக்கம். அதது அதது சோலிய மட்டும் பாக்குது."

"எங்க அபார்ட்மெண்டுக்கு அனுப்பி வைங்க சார், அதுங்கள."

"விளையாடாதீங்க மேடம். தேடியும் கிடைக்கலைன்னா இல்லைன்னுதான அர்த்தம்? எழுதிரட்டுமா?"

நஸ்ரின் டீய வெச்சுட்டு, அவர் கம்ப்யூட்டர்ல குளத்துக் கிருமி ஒண்ணோட ஜீன் வரிசையத் திறந்தாங்க. சம்பந்தமே இல்லாத வேற கிருமியோட ஜீன் ஒண்ண எடுத்து நட்டநடுவுல ஒட்டினாங்க. அவர் கண்ணு முன்னாடியே.

"இப்ப தேடுங்க."

புரோகிராம ஓட்டினாரு. தூறல் வலுத்துச்சு, அடங்குச்சு.

சைபர்.

"மேடம்! நீங்க வெச்சத நான் பாத்தேனே!"

"நானும்தான் பாத்தேன்."

"அப்ப எங்க போச்சு?"

"தேடுறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"சுத்தம் பண்ணுவேன். லேப்ல வந்த பழக்கம். சாம்பிள்ல வேற கிருமி கலந்திருந்தா மொத வேலையா தூக்கிருவோம்ல, அதே மாதிரிதான். ஒவ்வொரு கிருமியோட எழுத்துக்கும் ஒரு சாயல் உண்டு மேடம். சாயல் ஒத்துப்போகாத துண்டு எதுவா இருந்தாலும் அப்படியே வெட்டி..."

நின்னுட்டாரு. காது செவந்துபோச்சு.

வெட்டினதப் போட்டு வெச்ச ஃபைலத் திறந்தாரு. நஸ்ரின் ஒட்டின ஜீன் அங்க இருந்துச்சு. அதுக்குக் கீழ யாருமே ஒட்டாதது, நாலாயிரத்துச் சொச்சம். இறங்கிட்டே இருந்துச்சு.

மணி மூணரை. அறிக்கையில அடிச்சு வெச்சிருந்த 'இல்லை'ய அழிச்சாரு.

"கமிட்டிக்கு என்ன சொல்ல?"

"இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க."

"திட்டுவாங்க."

"வாங்கிக்குங்க."

போன் போட்டாரு. நல்லா வாங்கினாரு. ஒரு வாரம் கிடைச்சுச்சு.

திரும்பி வந்து ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தாரு.

"இத்தனையும் இடம் மாறி வந்ததா மேடம்?"

"சிலது நெஜமாவே அழுக்கு."

"எது அழுக்கு, எது குடிவந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? எல்லாம் ஒரே மாதிரி அந்நியமால்ல இருக்கு!"

நஸ்ரின் ஆறிப்போன டீய ஒரே மடக்குல குடிச்சாங்க.

"வெட்டாத வரிசைக்குப் போங்க சார். தனியா மிதந்துட்டு இருந்தா அழுக்கு. அந்தக் கிருமியோட சொந்த ஜீனுங்க ரெண்டு பக்கமும் கைகோத்து நின்னா, அது அந்த வீட்டு ஆளுதான்."