வழியில் செத்த பாக்கெட்டுகள்

"எனக்கு இது வராதுங்க மேடம். விட்ருங்க."

சொல்லிவிட்டு நாச்சிமுத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நாற்பத்தேழு வயது. நூல் மில்லில் ஸ்டோர் பார்த்த மனுஷன். மில்லை இழுத்து மூடியதும் ஈரோட்டில் இந்தப் பயிற்சி நிலையத்தில் வந்து சேர்ந்தார். நெட்வொர்க்கிங் அடிப்படைத் தேர்வில் தேறினால் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. மாசக் கடைசி வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இன்று காலையோடு மூன்றாவது தடவையும் போச்சு.

சொல்லிக்கொடுக்கும் பர்வீனுக்கு இருபத்தாறு. மகள் வயசுப் பெண்ணிடம் மறுபடியும் ஃபெயில் என்று சொல்ல அவருக்கு நாக்கூசியது. ஆனாலும் கொட்டித் தீர்த்தார். விடியக்காலையில் எழுந்து படித்தது, கண் எரிந்தது, எல்லாம் தண்டம். உடம்பும் ஓய்ந்துபோச்சு, மனசும் ஓய்ந்துபோச்சு.

பர்வீன் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, தகவல் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போடச் சொன்னாள்.

போகிறதுதான் போகிறோம், இதையும் செய்துவிட்டுப் போவோம் என்று தட்டினார். வழியில் தகவலைக் கைமாற்றி அனுப்பும் ரூட்டர்களின் முகவரிகள் திரையில் ஒவ்வொன்றாக இறங்கின.

"இந்த வழி இதுக்கு எப்படிங்க சார் தெரிஞ்சுது?"

இதை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கடகடவென்று ஒப்பித்தார். அனுப்புகிற ஒவ்வொரு தகவல் பாக்கெட்டுக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். ஆயுள் ஒன்று வைத்து அனுப்பினால் முதல் ரூட்டரிலேயே செத்துப்போகும். செத்த சேதியை அந்த ரூட்டர் தன் முகவரியோடு திருப்பி அனுப்பும். அடுத்ததை ஆயுள் இரண்டு வைத்து அனுப்பினால் இரண்டாவது ரூட்டரில் சாகும். அப்புறம் மூன்று. இப்படி ஒவ்வொன்றும் செத்த இடத்தைக் கோத்துத்தான் முழு வழியும் தெரியவரும்.

"சரி. முதல் பரீட்சைல எதுல விழுந்தீங்க?"

"கேபிள்லயேங்க."

"ரெண்டாவதுல?"

"கேபிள் பூராவும் சரிங்க. ஐ.பி. முகவரி பிரிக்கிறதுல போச்சு."

"இன்னிக்கு?"

"அதெல்லாம் தாண்டிட்டனுங்க மேடம். ரூட்டிங்லதான்..."

திரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள இன்னொரு தேதி கிடைக்குங்களா மேடம்?"