குரல் சொன்னபடி நடந்த குட்டி

குளத்தை ஒட்டிய நாவல் மரத்தில் வாலன் என்ற முசுக் குரங்கு குடியிருந்தது. மரத்தடியில் செவந்தி என்ற புள்ளிமான் தன் குட்டி பொட்டுவோடு மேயும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழக்கம் உண்டு. வாலன் மேலிருந்து கொழுந்தும் பழமும் உதிர்த்துவிடும். வாலன் தண்ணீர் குடிக்க இறங்கினால் செவந்தி மோப்பம் பிடித்துக் காவல் நிற்கும். தூரத்தில் சிறுத்தை தெரிந்தால் வாலன், "கர்! கர்!" என்று கத்தும். அந்தக் கத்தல் காதில் விழுந்ததும் மான்கள் ஓடிவிட வேண்டும்.

செவந்தியின் மனதில் ஒரு முள் இருந்தது. போன கோடையில் அது தன் தலைச்சன் குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்திருந்தது. அன்றும் வாலன் கத்தத்தான் செய்தது. குட்டியும் ஓடத்தான் செய்தது. ஆனால் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அதுமுதல் செவந்தி தினமும் விடிந்ததும் கிழக்கே பார்த்து, "சாமி, இந்தப் பிள்ளையின் காலுக்காவது பலம் கொடு!" என்று வேண்டிக்கொள்ளும்.

காட்டோரத் தார் ரோட்டில் காலையில் மனிதர்கள் ஓட வருவார்கள். துரத்துவதற்கு யாரும் இல்லாமலே ஓடுவார்கள். அதைப் பார்த்து மான்களுக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் அப்படி ஓடிய ஒருவரின் கையில் கட்டியிருந்த செல்போன் வாரோடு கழன்று புதருக்குள் விழுந்தது. அவர் தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

செவந்தி புதரை முகர்ந்தது. உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"வேகமாக ஓடுங்கள்! ஒரு நிமிடம்!"

செவந்தி பயந்து துள்ளியது. கொஞ்ச நேரத்தில் அதே குரல், "மெதுவாக நடங்கள்! இரண்டு நிமிடம்!" என்றது.

வாலன் கிளையிலிருந்து சிரித்தது. "பயப்படாதே தங்கச்சி! அது ஓட்டம் பழக்கும் ஆப். கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட என்று மாற்றி மாற்றிச் சொல்லும். அப்படிப் பழகினால் மூச்சு வாங்காதாம். ரோட்டில் பேசிக்கொண்டு போனார்கள்."

மூச்சு வாங்காதாம்! செவந்தியின் கண் கலங்கிவிட்டது.

"சாமி கேட்டுவிட்டார் அண்ணே! இதை என் கழுத்தில் மாட்டிவிடு!"

"மாட்டுக்குத்தான் கழுத்தில் மணி கட்டுவார்கள். உனக்கு எதற்கு?"

"கேலி பண்ணாதே! இந்தக் காட்டில் கை உள்ளவன் நீதானே. மாட்டிவிடேன்!"

வாலன் இறங்கி வந்து வாரைச் செவந்தியின் கழுத்தில் மாட்டியது. அன்றிலிருந்து காலையும் மாலையும் தாயும் குட்டியும் குளத்தைச் சுற்றின. பயிற்சி முடிந்தால் வாலன் விரலால் தட்டி மறுபடி தொடங்கி வைக்கும்.

முதல் நாள், நடக்க வேண்டிய நேரத்தில் பொட்டு ஒரு தட்டான் பின்னால் துள்ளி ஓடியது. செவந்தி கோபித்துக்கொண்டது.

"குரல் நட என்றால் நட! ஓடு என்றால்தான் ஓட வேண்டும். இடையில் துள்ளினால் மூச்சு வீணாகும்!"

"யாராவது பயமுறுத்தினால் அம்மா?"

"யார் பயமுறுத்தினாலும்தான்!"

பொட்டு சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை. கடைசியில் குரல், "அருமை! இன்றைய பயிற்சி முடிந்தது!" என்று சொல்லும்போது அதன் காது இரண்டும் விறைத்து நிற்கும். "என்னைத்தான் சொல்கிறது அம்மா!" என்று தாயை உரசிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் வாலன் மெல்லப் பேச்செடுத்தது. "தங்கச்சி, பொட்டு நன்றாக ஓடுகிறாள். ஆனால் நேற்று நீ தள்ளி மேயும்போது, அவள் பக்கத்தில் வந்து மெல்லக் கத்திப் பார்த்தேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை."

"சும்மா கத்தினால் எதற்குத் தூக்குவாள்?"

"சும்மா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?"

"உன் கரகரத்த தொண்டையைவிட இந்தக் குரல் இனிமையாக இருக்கிறது. அதுதான் உனக்குப் பொறாமை!"

வாலன் உச்சிக் கிளைக்குத் தாவிப் போய்விட்டது. சொல்லிவிட்ட பிறகு செவந்திக்கும் ஒரு மாதிரி இருந்தது. சாயங்காலம் சமாதானம் பேசலாம் என்று விட்டுவிட்டது. பேசவில்லை.

நாலாம் நாள் காலை. குரல், "மெதுவாக நடங்கள்! இரண்டு நிமிடம்!" என்றது. தாயும் குட்டியும் நடந்தன.

"கர்! கர்! கர்!"

செவந்தி யோசிக்கவே இல்லை. பிறந்தது முதல் கேட்ட கத்தல். மனம் நினைக்கும் முன்னே கால் பாய்ந்துவிட்டது. கரைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் பொட்டு இல்லை.

அங்கே, புல்வெளி நடுவில், தலை குனிந்து ஒவ்வொரு அடியாக வைத்து, பொட்டு நடந்து வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் புல் அசைந்தது.

"பொட்டு! ஓடு! ஓடு!"

"குரல் இன்னும் சொல்லவில்லையே அம்மா!"

குரல் தாயின் கழுத்தில் அல்லவா இருந்தது! அது வாய் திறந்து, "வேகமாக ஓடுங்கள்!" என்று சொன்னபோது, ஓடுவதற்கு அங்கே பிள்ளை இல்லை.

காடு அடங்கிப் போயிற்று. செவந்தி நின்ற இடத்திலேயே நின்றது. சற்றுப் பொறுத்துக் கழுத்திலிருந்து, "அருமை! இன்றைய பயிற்சி முடிந்தது!" என்று சத்தம் வந்தது.

வாலன் இறங்கி வந்து வாரைக் கழற்றியது.

"நான்தானே மாட்டிவிட்டேன்" என்றது.

"நான்தானே கேட்டேன்" என்றது செவந்தி.

வாலன் நாவல் கொழுந்தாகப் பார்த்துப் பறித்துப் போட்டது. செவந்தி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பழக்கத்தில் கிழக்கே பார்த்தது. சாமியை நொந்துகொள்ள அதற்கு வாய் வரவில்லை. கேட்டதை அவர் கொடுத்துத்தான் இருந்தார். பொட்டுவின் கால்களில் பலம் இருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை மூச்சே வாங்கவில்லை.

எவ்வளவு பலம் சேர்த்தாலும், ஆபத்தைக் கண்டு கத்துகிறவர் சொல்லை விட்டுவிட்டு, கண்ணில்லாத குரலுக்குப் பிள்ளையைப் பழக்கினால், அந்தப் பலம் வேண்டிய நேரத்தில் உதவாது.